வராகக் குகையில் தோற்கும் வாதம்

மாமல்லபுரத்துச் சிற்பங்களை ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா இல்லாமல் உருப்படியாக எடுக்கவே முடியாது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். காம்பாக்ட் கேமராவை விளையாட்டுப் பொருளென்று ஒதுக்குகிறார்கள். இது தவறு.

சென்சார் கணக்கு உண்மைதான். ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மி.மீ. சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றின் ஒரு அங்குல சென்சாருக்குச் சுமார் 116. ஏழு மடங்குக்கும் மேல்.

ஆனால் வராகக் குகைக்குள் நின்று பார்க்கட்டும். முன்தூணின் சிங்கமும் பின்சுவரின் கஜலட்சுமியும் ஒரே படத்தில் தெளிவாக விழ வேண்டும். காம்பாக்டில் எஃப்/4 தரும் ஆழத்துக்கு ஃபுல் ஃப்ரேமில் எஃப்/11 வரை துவாரத்தைச் சுருக்கியாக வேண்டும். ஷட்டர் வேகம் குறையாமலிருக்க ஐஎஸ்ஓவை எட்டு மடங்கு ஏற்ற வேண்டும். பெரிய சென்சாரின் ஆதாயம் அங்கேயே கரைந்துபோகிறது. முக்காலி வைக்கலாமே என்றால், அதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை வெயிலில் எந்தக் கேமராவுக்கும் அங்கே ஒளிப் பஞ்சமில்லை. கடற்கரைக் கோயிலருகே மணற்காற்றில் லென்ஸ் மாற்றுவதோ வம்பை விலைக்கு வாங்குவது.

வேடந்தாங்கல் வேறு கதை. கூடுகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில். மங்கிய மாலையில் பறக்கும் நத்தைகுத்தி நாரையைக் கரையிலிருந்து பிடிக்க 600 மி.மீ. லென்ஸ் வேண்டும், ஆர்எக்ஸ்100 மார்க் 7 எட்டுவது 200 வரைதான். அங்கே பெரிய கேமராவே வெல்லும்.

சிற்பங்களுக்கு, 302 கிராம் எடையுள்ள அந்தச் சின்னப் பெட்டி போதும்.