புறவாசல் தமிழ்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரையொன்று வேண்டும் என மாணவச் செல்வங்கள் வந்து கேட்டபோது, வழக்கம்போல் சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணினோம். ஆயின் அவ்வாரம் வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

தேவநேயப் பாவாணர் தமிழின் சொல்வளத்தை விளக்குமிடத்துப் பிஞ்சுக்கும் கெட்டுப்போன காய்க்கும் வழங்கும் பெயர்களை வகைப்படுத்திக் காட்டியிருப்பதைக் கற்றோர் அறிவர். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னையிலும் பனையிலும் பிஞ்சு குரும்பை. சூட்டில் பழுத்தது வெம்பல். பதராகிப்போன மிளகாய் சொண்டு. பத்தாம் வகுப்புப் பாடநூலில் இவை இடம்பெற்றமையால், நம் மாணவர் பலர் ஒரு மதிப்பெண் வினாவுக்கென இவற்றை மனப்பாடம் செய்து வந்தவர்களே. “சொண்டினைக் கண்ணால் கண்டவர் யார்?” என வினவினோம். கையுயர்த்தியவர் ஒருவரும் இலர். மறுநாள் முதலாண்டு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, “ஐயா, எங்க உம்மா மொளகாச் செடியப் பாத்து எல்லாம் சொண்டாப் போச்சுன்னு அடிக்கடி சொல்லுவாங்க. அதுதான் இதுன்னு எனக்குத் தோணவே இல்ல” என்றார்.

அத்தோன்றாமை அம்மாணவியின் குறையன்று. கற்பித்த நம் குறையே. வீட்டின் பின்புறத்தில் செடி வளர்ப்போர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு தமிழ் என்னும் மதிப்புப் பெறத் தக்கது என்று நாம் ஒருநாளும் மாணவருக்கு உணர்த்தியதில்லை. நாமே உணர்ந்திருந்தாலன்றோ உணர்த்துவது? ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பண்டை இலக்கியங்களில் பயிலும் செடிகொடிப் பெயர்களைத் திரட்டிய காலத்து, நூலகம் நூலகமாய் அலைந்தோம், உரைகளைப் புரட்டினோம், ஆனால் அந்தியில் புடலம்பந்தலின் கீழ் நின்றிருந்த நம் உம்மாவிடம் ஒரு சொல் கேட்டோமில்லை.

நாம் பிறந்து வளர்ந்தது நெல்லைச் சீமையில். தஞ்சைப் பகுதியார் கொல்லை என்பதனை எங்கள் பக்கத்தில் புறவாசல் என்பார்கள். எங்கள் வீட்டுப் புறவாசலுக்கும் அடுத்த வீட்டு ஆச்சியின் புறவாசலுக்கும் இடையில் மார்பளவு உயர்ந்த மண்சுவர் ஒன்று இருந்தது. காலை வேலைகள் முடிந்த பின்னரும், மாலை அசர் தொழுகைக்குப் பின்னரும் அச்சுவரின் இருபுறமும் பேச்சு நிகழும். “ஏளா, ஒம் புடலைக்கு இன்னும் கல்லு கட்டலையா? பாம்பு மாதிரில்லா சுருண்டு கெடக்கு” என்று ஆச்சி அங்கிருந்து குரல் கொடுப்பார். “கட்டணும் ஆச்சி, நாலு நாளையில சாண் நீளம் வந்துட்டே” என்று உம்மா விடை கூறுவார். ஒரு துண்டு நூலும் ஒரு சிறு கல்லும் தேடி எடுத்து வருவது நம் வேலை. பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் கோணாமல் நேராக இறங்கும்.

அப்பேச்சில் காலக்கணக்கு இருந்தது. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை புரட்டாசியில் பந்தலை மூடிப் படர்ந்து நிற்கும். ஒரு பூவும் இராது. தெருவுக்குப் புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணொருத்தி, “எலையா விரியுதே தவிரப் பூவக் காணோமே மாமி” என்று கவலைப்பட்டபோது, “பனி விழட்டும்ளா, அதுக்கு அவசரமில்ல” என்றார் ஆச்சி. பகற்பொழுது குறுகிக் குளிர் தொடங்கினாலன்றி நாட்டு அவரை பூப்பதில்லை என்பது வேளாண் அறிவியலாரும் கூறும் செய்தி. ஆச்சி அதனை நான்கே சொற்களில் சொல்லி முடித்தார்.

பூக்கும் பொழுதையும் அவர்கள் அறிந்திருந்தனர். பூசணியும் பாகலும் விடியலில் மலர்வன. சுரையும் புடலும் பீர்க்கும் பொழுது சாயும்போது மலர்வன. எனவே பூசணிக்குப் பூத்தொட்டுவிடுவதாயின் காலையிலேயே தொட்டுவிட வேண்டும். பிஞ்சு தாங்கிய பூவில் ஆண்பூவைத் தடவாவிடின் சில நாள்களில் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் பீரமும் ஒன்று. பீரம் என்பது நம் பீர்க்கே. தலைவியின் மேனியில் படர்ந்த பசலைக்குச் சங்கப் புலவர் இப்பூவின் மஞ்சள் நிறத்தை உவமையாக்கினர். இதனைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வந்தோம். ஒருநாள் உம்மா ஏதோ பேச்சினிடையே, “பீர்க்கு அந்திக்குத்தானே விரியும்” என்றார். பிரிந்தவர்க்குத் துயர் மிகும் பொழுதாக நம் இலக்கியம் கூறும் அம்மாலைப் பொழுதிலேயே அப்பூ மலர்கிறது! புலவர்கள் அதனைக் கருதித்தான் பாடினர் என்று நாம் அறுதியிட்டுரைக்கவில்லை. ஆயினும் அடுத்த நாள் அப்பாடத்தை நடத்தியபோது, அதுகாறும் தூங்கி வழிந்த பின்வரிசை மாணவர் நிமிர்ந்து அமர்ந்தனர் என்பது மட்டும் உண்மை.

சில சொற்கள் உயிர் காக்கும் சொற்களாகவும் இருந்தன. கசக்கும் சுரைக்குப் பேய்ச்சுரை என்று பெயர். பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்பனவும் அவ்வாறே. வேலியில் தானாக முளைத்த கொடியில் காய்த்ததைப் பேய்ச்சுரை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல சுரையாயினும் அரியுமுன் ஒரு கீற்றை நாவில் வைத்துப் பார்த்துக் கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுவார்கள். கசந்த சுரைக்காயின் சாற்றைப் பருகினோர்க்கு இரத்த வாந்தியும் உயிர்க்கேடும் நேர்ந்ததைப் பற்றி நிபுணர் குழுவொன்று ஆராய்ந்த அறிக்கை, 2012இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. கசப்புச் சாற்றைப் பருகலாகாது என்பதே அதன் அறிவுரை. சுவரோரத்தில் அவ்வறிவுரை ‘பேய்’ என்னும் ஈரெழுத்து அடைமொழிக்குள் அடங்கிக் கிடந்தது.

இனி, விதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதற்காயை விதைக்கு விடாமல், கொடி திடமாக இருக்கும் பருவத்தில் திரண்ட காயொன்றைத் தேர்ந்து, அதனைப் பறித்துவிடாதிருக்க ஒரு துணித்துண்டு கட்டி முற்றவிடுவார்கள். பூசணி, பீர்க்கு விதைகளைச் சாணத்தில் பொதிந்து சுவரில் அப்பி வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் மாடில்லை; ஆகவே உம்மாவின் விதைகள் ஆச்சி வீட்டுத் தொழுவத்துச் சுவரில் ஒட்டிக் காய்ந்தன. ஆடி பிறந்ததும் அவற்றை உடைத்தெடுத்துப் பாதியை அவர் வைத்துக்கொண்டு மீதியைச் சுவருக்கு மேலே நீட்டுவார். எவர் விதை எவருடையது என்னும் கணக்கு சில ஆண்டுகளில் அழிந்துபோயிற்று.

எல்லாம் இன்பமாகவே இருந்தது என்று சொன்னால் அது பொய்யுரையாகும். எங்கள் முருங்கைக் கிளை ஆச்சியின் பக்கம் சாய்ந்து, அதிலிருந்து கம்பளிப்பூச்சி உதிர்ந்து அவர் பேரனின் உடலெல்லாம் தடித்துவிட்டபோது, இரு வீட்டாரும் ஏறத்தாழ ஒரு திங்கள் பேசாதிருந்தனர். வாப்பா கிளையை வெட்டிய பின்னரும் பேச்சு மீளவில்லை. பிறகு ஊரில் ஏதோ பதற்றத்தால் கடைகள் இரண்டு நாள் அடைபட்டன. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். வீதிக்கதவைத் திறக்கலாகாது என்று வாப்பா கண்டிப்பாகக் கூறியிருந்தார். இரண்டாம் நாள் காலையில் சுவருக்கு மேலே ஒரு நார்ப்பெட்டி நிறையக் கத்தரிக்காயும், மேலே ஒரு பிடி கறிவேப்பிலையும் இருந்தன. ஆச்சி ஒன்றும் பேசவில்லை. உம்மா அன்று வைத்த ஆணத்தில் ஒரு கிண்ணம் அதே வழியாக அங்கே சென்றது.

அச்சுவர் இன்று இல்லை. அதனை இடித்தவர் வேறு எவருமல்லர், நாமே. 2011இல் வீட்டைப் புதுப்பித்தபோது, சேறும் கொசுவும் இராது, உம்மா வழுக்கி விழமாட்டார் என்று காரணம் சொல்லிப் புறவாசல் முழுவதும் சிமெண்டுத் தளம் போட்டோம். மண்சுவர் நின்ற இடத்தில் எட்டடி உயரத்தில் செங்கற்சுவர் எழுப்பினோம். உம்மா தடுக்கவில்லை. “ஒனக்குச் சரின்னா சரிதான்” என்றார். அதன் பின்னரே வீட்டில் அவர் பேச்சு குறைந்ததை நாம் கவனித்தோம். முதுமை என்று எண்ணினோம். மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவி நன்றாகக் கேட்கிறது என்றார் அவர். பேசுவதற்குப் பொருளையும் பேசுவதற்குரியவரையும் ஒருசேரப் பறித்துவிட்டு, செவியைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

தெருவில் இன்று பெரும்பாலான புறவாசல்கள் இவ்வாறே ஆயின. செடி வைப்போர் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2013ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மானியத்துடன் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் தக்காளியும் வெண்டையும் வளர்ப்போர் பிற ஊர்களிலும் பெருகியுள்ளனர். நல்லதே. ஆயினும் கடையில் வாங்கும் வீரிய ஒட்டுவிதையில் விளைந்த காயிலிருந்து விதையெடுத்து ஊன்றினால், மறுதலைமுறை அதே தன்மையோடு வருவதில்லை. எனவே ஆண்டுதோறும் கடைக்கே செல்ல வேண்டியுள்ளது. விதைக்காக அண்டை வீட்டாரிடம் கையேந்தத் தேவையில்லை என்பதனை வசதி என்று கருதுகிறோம். நமக்கென்னவோ, அக்கையேந்தலில்தான் பாதி ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது என்று தோன்றுகிறது.

பெரியோர் சிலர், பெண்கள் சுவரோரம் நின்று பேசுவது புறம் பேசுவதில்தானே சென்று முடியும் என்று கேட்கக்கூடும். அப்படியும் ஓரிரு கதைகள் கலந்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நம் செவியில் விழுந்தவற்றுள் பெரும்பகுதி அசுவினிக்குச் சாம்பல் தூவுவதும், பூ கொட்டுவதற்குப் புளித்த மோர் தெளிப்பதும், நாற்றுப் பிடுங்கி நடும் பொழுதுமே. அணில் கடித்த தக்காளியைக் காட்டி நாம் சினந்தபோது, நட்டதைப் பறவையும் விலங்கும் உண்டாலும் அது நட்டவருக்குத் தருமமே என்னும் நபிமொழிக் கருத்தை உம்மா நமக்கு முதன்முதலில் எடுத்துரைத்ததும் அவ்விடத்தில்தான். அதனை ஆமோதித்துத் தலையசைத்தவர் சுவருக்கு அப்பாலிருந்த ஆச்சி.

ஆசிரியப் பெருமக்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. ஆண்டுதோறும் நம் துறையில் மாணவர் அளிக்கும் பயிற்சிக் கட்டுரைகளுள் பல முன்னோர் எழுதியவற்றைப் படியெடுத்தவையாகவே இருத்தலை நாம் அனைவரும் அறிவோம். திருத்தும்போது பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறோம். அதனினும், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ தெருவிலோ செடி வளர்க்கும் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, இருபது சொற்களை அவர் சொல்லியவாறே எழுதி வருவது மேலன்றோ? எச்செடி, எப்பருவம், எந்த ஊர் வழக்கு, எவரிடமிருந்து விதை வந்தது என்பனவற்றையும் உடன் குறிக்கட்டும். பேச்சு வழக்கைப் ‘பிழை’ என்று சிவப்பு மையால் சுழிப்பதை அவ்வொரு பயிற்சியிலாவது நாம் நிறுத்தி வைப்போம். காலம் நெருக்குகிறது. அச்சொற்களை அறிந்தோர் பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள்.

சென்ற ஆண்டு மாடியில் பன்னிரண்டு பைகள் வாங்கி வைத்தோம். முதலில் உம்மா படியேற மறுத்தார். பையில் என்ன விளையும் என்றார். பிறகு ஒருநாள் நாம் கல்லூரியிலிருந்து திரும்பியபோது மாடியிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. அடுத்த மாடியில் ஆச்சியின் பேரன் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்; உம்மா அவளுக்கு மிளகாய்ச் செடியின் இலை சுருள்வதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆச்சி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அவர் தொழுவத்துச் சுவரில் ஒட்டியிருந்த பீர்க்கு விதை அந்த வீட்டில் இல்லை, எங்களிடமும் இல்லை. உம்மாவின் கணக்கில் அது குட்டையான காய், எட்டு வரி அல்ல, பத்து வரி ஓடியது, முற்றினாலும் தோல் துவையலுக்கு ஆகும். இம்மலரைப் படிக்கும் இல்லங்களில் எவரிடமேனும் அவ்விதை இருக்குமாயின், நான்கு விதை தந்துதவ வேண்டுகிறோம். துறை அலுவலறையில், வருகைப் பதிவேட்டின் அருகே, கண்ணாடிக் குப்பியொன்றை வைத்துள்ளோம்.