அடுத்த முறை சீவுளி கொடுங்கள்



2009இல் போர் முடிந்த பின்னர் வன்னியில் பெண்களுக்கென்று வந்த வாழ்வாதார உதவிகளை ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். தையல் மெசின், கோழிக்குஞ்சு, ஆடு, மறுபடியும் தையல் மெசின். அந்த மெசினை மிதித்தே பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கிய தாய்மார் எங்கள் வாசகர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஒழுங்கையில் ஐந்து வீட்டில் மெசின் இருந்தால், தைக்கக் கொடுக்க யார் மிச்சம்?

அதே காலத்தில்தான் ஊரெல்லாம் வீடு எழும்பியது. 2012இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்குக்கும் கிழக்குக்குமாக 46,000 வீடுகள். வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்கும் முறை, உதவித்தொகை ஐந்தரை இலட்சம் ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை வேண்டும், கதவு வேண்டும், யன்னல் வேண்டும், கூரைமரம் வேண்டும். அந்தத் தச்சுக் கூலியில் ஒரு பங்காவது நம் பெண்பிள்ளைகளின் கைக்கு ஏன் வரவில்லை?

பெலன் காணாது என்பார்கள். முதிரையில் சீவுளி பிடித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். முதிரையின் நார் ஒரே பக்கமாக ஓடாது. ஒரு வரி இப்படி, அடுத்த வரி அப்படி. பெலத்தைக் காட்டித் தள்ளினால் பலகை பிய்ந்துதான் வரும். அலகைத் தீட்டி, நாரின் போக்குப் பார்த்து, மெல்லிசாக எடுக்க வேண்டும். பாலைக் குற்றி தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது மெய்தான். ஆம்பிளைகளிலும் இரண்டு பேர்தான் தூக்குகிறார்கள். எங்கள் மரத்துக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. எப்போதோ இறங்கிய செல் துண்டை மரம் மூடி வளர்ந்திருக்கும். கவனியாமல் அறுத்தால் வாளின் பல் போய்விடும். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நம் பெண்களிடம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் முகமாலைப் பக்கம் ஒருமுறை போய்வரலாம். அங்கே அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுப்பவர்களில் வன்னிப் பெண்கள் எத்தனை பேர்! கண்ணிவெடி ஒழிப்பு உடன்படிக்கைப்படி இலங்கைக்குரிய காலக்கெடு 2028 ஜூன். நிலம் முழுதும் துப்புரவானால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். அந்தப் பெண்களுக்கு அடுத்த சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது. ஒன்பதாம் ஆண்டு வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. பத்தாம் ஆண்டில் பாடம் தெரிவு செய்யும்போது பெண்பிள்ளை மனைப்பொருளியல் பக்கமும், பொடியன் வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பக்கமும் போவதாகப் பெரியவர்கள் முன்கூட்டியே முடிவெடுத்து விடுகிறார்கள். சட்டம் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. 1866இலேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கிய பின்லாந்திலும் பொடியனுக்கு மரம், பெட்டைக்கு ஊசி என்ற பிரிவு நூறு வருடம் தாண்டித்தான் தளர்ந்தது. நாமும் அவ்வளவு காலம் மினக்கெட வேண்டுமா?

மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வந்து குடியேறிய குடும்பங்கள் வாழும் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற கிளிநொச்சிக் கிராமங்களை நினைக்கிறேன். அங்கே ஒரு பிள்ளை தோட்டக் கூலிக்குப் போனால் பின்னேரமே கையில் காசு. ஆறு மாதம் பயிற்சிக்குப் போ என்றால் அந்த ஆறு மாதமும் அடுப்பு எரிய வேண்டாமா? ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கோ பஸ் பிரச்சினை. ஆகவே பயிற்சிக்குக் காசு ஒதுக்குகிறவர்கள் கருவிப்பெட்டியோடு மாதப்படியையும் பஸ் காசையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். கேரளத்தில் ஏற்றுமானூரில் திரேசியம்மா மாத்யூ நடத்திய அர்ச்சனா பெண்கள் நிலையம் கற்றுத்தந்த பாடம் ஒன்றுண்டு: காலமெல்லாம் கல்லும் மண்ணும் சுமக்கும் கையாளாகவே நின்ற பெண்களுக்கு அது மேசன் வேலையும் தச்சு வேலையும் பழக்கியது. சுமக்கிறவளுக்கும் செய்கிறவளுக்கும் கூலி ஒன்றல்ல.

வழி இங்கேயும் இல்லாமல் இல்லை. அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, வவுனியாவில் தொழினுட்பக் கல்லூரி இருக்கிறது, தொழிற்பயிற்சி அதிகார சபை இருக்கிறது. தகப்பனின் பட்டறையில் பார்த்துப் பார்த்தே பழகிய பிள்ளையானால், கைத்திறனைச் சோதித்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறையும் உண்டு. இது பலருக்குத் தெரியாது, கேட்டுப் பெறுங்கள்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் தளபாடப் பட்டறையோ மரக்காலையோ வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பெண்பிள்ளையைப் பயிலுநராக எடுக்க விருப்பமென்றால் எங்களுக்கு எழுதுங்கள். ஒருத்தியைத் தனியே விடாமல் இருவராக எடுக்க முடியுமா, பெண்களுக்கு மலசலகூடம் இருக்கிறதா, மெசினுக்குக் காப்புத் தகடு போட்டிருக்கிறதா, முதல் மாதமே படி கொடுப்பீர்களா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். வரும் விபரங்களை அடுத்த இதழில் மாவட்ட வாரியாகப் போடுவோம். பயிலப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, பின்னலைக் கொண்டையாக்கிக் கட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்