வளைவில் ஒரு துளி கிரீஸ்: திருச்சி - ஸ்ரீரங்கம் பாதையில் இது ஏன் பெரிய விஷயம்?

சென்னையில் இருந்து திருச்சிக்கு பல்லவன், வைகை, ராக்ஃபோர்ட், திருநெல்வேலி வந்தே பாரத் என எதில் ஏறினாலும் கடைசிச் சில கிலோமீட்டர் ஒரே வழிதான். லால்குடி, கொள்ளிடம் பாலம், ஸ்ரீரங்கம், காவிரிப் பாலம், டவுன் ஸ்டேஷன், பொன்மலை, அப்புறம் ஜங்ஷன். வடக்கில் இருந்து வரும் பாதை, ஊரின் கிழக்குப் பக்கமாக இறங்கி, மேற்கே திரும்பி ஜங்ஷனுக்குள் நுழைகிறது. திருப்பத்தில் ரயில் மெதுவாகும், சக்கரம் ‘கிரீச்’ என்று கத்தும். பயணிக்கு அது ‘ஊர் வந்தாச்சு’ என்பதற்கான அடையாளம். ரயில்வேக்கு அது இரும்பு தேயும் சத்தம்.

இந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான் வளைவுகளில் தண்டவாளத்தின் உள்பக்கத்துக்கு கிரீஸ் வைக்கிறார்கள். டிராக்மேன்கள் வாளியும் பிரஷ்ஷுமாக நடந்து நடந்து செய்துவந்த வேலை இது. உலகின் பல ரயில்வேக்களில் இப்போது இதைத் தானியங்கி இயந்திரங்கள் செய்கின்றன. இந்திய ரயில்வேயும் அந்தப் பக்கம் நகர்ந்துவருகிறது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், ஊழியர்களின் உயிர், பயணிகளின் பாதுகாப்பு, பொதுப்பணம் என மூன்றும் இந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

வளைவுல அப்படி என்னதான் நடக்குது?

காரின் பின்சக்கரங்கள் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியும். அதற்காகவே நடுவில் ‘டிஃபரன்ஷியல்’ இருக்கிறது. ரயிலில் அந்த வசதி கிடையாது. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கி மாட்டப்பட்டவை. ஒன்று ஒரு சுற்று சுற்றினால் மற்றதும் ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும்.

நேர்ப்பாதையில் பிரச்சினை இல்லை. வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் நீளமானது, உள்பக்கத் தண்டவாளம் குட்டையானது. நம் பிராட்கேஜ் பாதையின் அகலம் 1,676 மி.மீ. தண்டவாளத் தலைகளின் நடுவில் இருந்து நடு வரை அளந்தால் ஏறக்குறைய 1.75 மீட்டர். ரயில் ஒரு முழுச் செங்கோணத்துக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 2.75 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். திருப்பம் நீளமானதோ குறுகலானதோ, இந்த வித்தியாசம் மாறாது.

இதைச் சமாளிக்கத்தான் ரயில் சக்கரத்தைத் தட்டையாகச் செய்யாமல், லேசான கூம்பு வடிவில் கடைகிறார்கள். வளைவில் சக்கரத்தொகுதி சற்று வெளிப்பக்கம் நகரும். அப்போது வெளிச்சக்கரம் பெரிய சுற்றளவிலும் உள்சக்கரம் சிறிய சுற்றளவிலும் ஓடும். கணக்கு சரியாகிவிடும். ஆனால், வளைவு இறுக இறுக இந்தத் தந்திரம் போதாது. சக்கரத்தின் ஓரத்தில் ‘ஃபிளேன்ஜ்’ என்ற விளிம்பு இருக்கிறது. அது வெளித் தண்டவாளத்தின் உள்பக்கத்தில் போய் உரசும். இரும்பை இரும்பு செதுக்க ஆரம்பிக்கும். கிரீஸ் தேவைப்படும் இடம் அதுதான்.

தேய்ஞ்சா என்ன ஆகும்?

முதலில் செலவு. முக்கியப் பாதைகளில் இப்போது போடப்படும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ எடை கொண்டது. ஒரு கிலோமீட்டர் வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை மட்டும் மாற்றினாலும் 60 டன் இரும்பு. அதோடு வெல்டிங், ஆட்கள், ரயில்களை நிறுத்திவைக்கும் நேரம். பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் தேய்ந்தாலே மாற்றியாக வேண்டிய வரம்பு நெருங்கிவிடும்.

சக்கரமும் தேயும். எல்.எச்.பி. பெட்டியின் புதுச் சக்கரம் 915 மி.மீ. விட்டம் கொண்டது. தேய்ந்த விளிம்பைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர, சக்கரம் முழுவதையும் பணிமனையில் கடைய வேண்டும். விளிம்பில் போனது கொஞ்சம்தான் என்றாலும், ஓடுபரப்பில் அதைவிட அதிகமாக இரும்பை இழக்க வேண்டியிருக்கும். இப்படிக் குறைந்து குறைந்து 845 மி.மீ.க்கு வந்தால் அந்தச் சக்கரத்துக்கு ஓய்வு.

அடுத்தது பாதுகாப்பு. உராய்வு அதிகமான வளைவில், சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். ஏறிவிட்டால் தடம்புரளல். காய்ந்த இரும்பில் உராய்வுக் கெழு 0.5 அளவுக்குப் போகும். கிரீஸ் வைத்த உள்பக்கத்தில் அதை 0.25-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இலக்கு. அப்படி வைத்தால், சக்கரம் ஏறுவதற்கு மிக அதிகமான பக்கவாட்டு விசை தேவைப்படும். அதாவது, கிரீஸ் ஒரு பாதுகாப்புக் கவசமும்கூட.

இந்தக் கார்டு லைனில் ஓடுவது பயணிகள் ரயில்கள் மட்டுமில்லை. அரியலூர், டால்மியாபுரம் பக்கத்து சிமென்ட்டும் இதே பாதையில்தான் போகிறது. சரக்கு வேகனின் ஒரு அச்சில் 20 டன்னுக்கும் மேல் எடை உட்காரும். அத்தனை எடையும் வளைவில் சாய்ந்து அழுத்தும்போது தேய்மானம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனை நாள் எப்படிச் செஞ்சாங்க?

கையால்தான். கிராஃபைட் கலந்த கிரீஸை வாளியில் எடுத்துக்கொண்டு, வளைவு முழுக்க நடந்து, தண்டவாளத்தின் உள்பக்கத்தில் பூசுவார்கள். இதில் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, பூசிய அன்று நிறைய இருக்கும்; அடுத்த சுற்று வருவதற்குள் காய்ந்துவிடும். நூறு ரயில் போனாலும் பத்து ரயில் போனாலும் அடுத்த பூச்சு அதே தேதியில்தான்.

இரண்டாவது சிக்கல் உயிர் சம்பந்தப்பட்டது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், ஒரு கிலோமீட்டரை 33 விநாடியில் கடக்கும். மின்சார ரயிலில் டீசல் இன்ஜின் போல தூரத்தில் இருந்தே சத்தம் கேட்காது. இரட்டைப் பாதையில் ஒரு ரயிலின் சத்தம் இன்னொரு ரயிலின் சத்தத்தை மறைத்துவிடும். வளைவில் பார்வையும் மறையும். குனிந்தபடி வேலை பார்ப்பவர் நிமிர்ந்து, கருவியை எடுத்துக்கொண்டு ஒதுங்குவதற்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். ரயில் வருவதை டிராக்மேன்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்க ‘ரக்ஷக்’ என்ற கருவியை ரயில்வே கொண்டுவந்திருப்பதே இந்த ஆபத்தை உணர்ந்துதான்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

பாதை ஓரத்தில் ஒரு பெட்டி. அதற்குள் கிரீஸ் தொட்டி, பம்ப், கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி. மேலே பெரும்பாலும் ஒரு சோலார் தகடு. தண்டவாளத்தில் சக்கரத்தை உணரும் ஒரு சென்சார். பெட்டியில் இருந்து குழாய் வழியாக வரும் கிரீஸ், தண்டவாளத்தின் உள்பக்கத்தில் மாட்டிய நீளமான பட்டைகளுக்குப் போகும்.

ரயில் வந்ததும் சென்சார் சக்கரங்களை எண்ண ஆரம்பிக்கும். 24 எல்.எச்.பி. பெட்டிகளோடு ஆறு அச்சு மின்சார இன்ஜின் சேர்ந்தால் 102 அச்சுகள். 16 பெட்டி வந்தே பாரத் என்றால் 64. இத்தனை சக்கரத்துக்கு ஒரு முறை, இத்தனை நேரம் பம்ப் ஓட வேண்டும் என்று முன்பே செட் செய்துவைத்திருப்பார்கள். அதன்படி பட்டையின் விளிம்பில் கிரீஸ் துளியாக எட்டிப்பார்க்கும். போகிற சக்கரம் அதைத் தன் விளிம்பில் தொட்டுக்கொண்டு, வளைவு முழுக்கத் தானே பூசிக்கொண்டு போகும்.

இங்கேதான் புத்திசாலித்தனம் இருக்கிறது. கிரீஸை வளைவு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சக்கரம்தான். இயந்திரம் எடுத்துக்கொடுக்க மட்டும் செய்கிறது. அதனால் பெட்டியை வளைவின் நடுவில் வைக்காமல், வளைவு தொடங்கும் இடத்தை ஒட்டி வைப்பார்கள். ரயில் அதிகம் ஓடினால் கிரீஸும் அதிகம். ரயில் இல்லாத நேரத்தில் ஒரு சொட்டும் வீணாகாது. புது மாடல்களில் தொட்டியின் அளவையும் பேட்டரியின் நிலையையும் மொபைல் நெட்வொர்க் மூலம் ஆபீசில் இருந்தே பார்க்கலாம்.

கிரீஸ் அதிகமானா நல்லதுதானே?

இல்லை. தண்டவாளத்துக்கு இரண்டு முகங்கள். உள்பக்கம் வழுக்க வேண்டும். மேல்பக்கம் வழுக்கவே கூடாது. இன்ஜின் இழுப்பதும் பிரேக் பிடிப்பதும் மேல்பக்கப் பிடிமானத்தை நம்பித்தான். பிடிமானம் குறைந்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவும் வசதி இன்ஜினில் உண்டு. ஆனால், அது அவசரத்துக்குத்தான்.

மேல்பக்கம் வழுக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி உதாரணம். 2021 அக்டோபர் 31 அன்று டிரைவர் பிரேக் போட்டும் ரயில் நிற்காமல் சறுக்கி, சிவப்பு சிக்னலைத் தாண்டி இன்னொரு ரயில் மீது மோதியது. அங்கே காரணம் கிரீஸ் இல்லை. தண்டவாளத்தில் நசுங்கிப் படிந்த இலைகள். ஆனால் பாடம் ஒன்றுதான். தண்டவாளத்தின் தலையில் படியும் மெல்லிய படலம்கூட பல நூறு டன் எடையுள்ள ரயிலை வழுக்கிவிடும். ஸ்டேஷனையும் சிக்னலையும் ஒட்டிய வளைவுகளில் அளவு தவறக் கூடாது என்பது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தண்டவாளத்தில் உண்டாகும் நுண்ணிய விரிசல்கள், லேசான தேய்மானத்தில் தாமாகவே அழிந்துபோவதும் நடக்கும். தேய்மானத்தை முழுக்க நிறுத்தினால் விரிசல் வளர இடம் கிடைக்கும். 2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில், வளைவில் இப்படி விரிசல் விட்டிருந்த தண்டவாளம் நொறுங்கி ரயில் தடம்புரண்டது. 4 பேர் இறந்தார்கள். கிரீஸ் வைத்த வளைவிலும் அல்ட்ராசோனிக் சோதனையும் தண்டவாளத்தைச் சாணை பிடிக்கும் வேலையும் தொடர வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

திருச்சிக்குன்னு தனிப் பிரச்சினை உண்டா?

உண்டு. முதலில் வெயில். காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாளில் தண்டவாளம் அதைவிடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். கிரீஸ் இளகி வழிந்தால் மேல்பக்கத்துக்கும் போகும், ஜல்லியிலும் சொட்டும். அடுத்தது வடகிழக்குப் பருவமழை. பூசியதைக் கழுவிவிடும். மூன்றாவது புழுதி. கிரீஸோடு மணல் சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. காப்பாற்றவேண்டிய தண்டவாளத்தையே அரைக்கும்.

நான்காவது, ஆறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஒரு பாலம். இந்த மாதிரி இடங்களில் எந்த கிரீஸ், எவ்வளவு, பெட்டி எங்கே என்பது பாதைப் பொறியாளரின் கணக்கு மட்டுமில்லை; தண்ணீர் குடிக்கும் ஊர்களின் கணக்கும்தான். மண்ணில் மக்கிப்போகும் வகை கிரீஸ்கள் சந்தையில் இருக்கின்றன.

மெஷின் வந்தா டிராக்மேன் தேவையில்லையா?

இந்த விவாதத்தின் மையமே இதுதான். இயந்திரம் வந்தால் பூசும் வேலை போகும். பார்க்கும் வேலை போகாது. தொட்டியில் கிரீஸ் தீரும். பட்டையின் துளை அடைத்துக்கொள்ளும். சோலார் தகட்டில் புழுதி படியும். பேட்டரி களவு போகலாம். ஜல்லியை இறுக்கும் டேம்பிங் மெஷின் வரும்போது பட்டைகளைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். ஒரே ஒரு நாள் மறந்தாலும், பெட்டி கம்பீரமாக நிற்கும், வளைவு காய்ந்துகிடக்கும்.

கையால் பூசிய காலத்தில், பூசவில்லை என்றால் ஒரு ஆள் வரவில்லை என்று தெரியும். இயந்திரம் நின்றால் யாருக்கும் தெரியாமலே போகலாம். ‘அங்கேதான் மெஷின் இருக்கே’ என்று அந்த வளைவை யாரும் எட்டிப்பார்க்காமல் விடுவதுதான் உண்மையான ஆபத்து. இயந்திரம் இல்லாத வளைவைவிட, ஓடாத இயந்திரம் நிற்கும் வளைவு மோசம்.

அதனால் ‘இத்தனை இயந்திரம் வைத்தோம்’ என்ற எண்ணிக்கையோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. அதில் எத்தனை இன்று ஓடுகிறது? தொட்டியைக் கடைசியாக நிரப்பியது எப்போது? நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் தெரியவரும்? அதுவரை அந்த வளைவுக்கு கிரீஸ் வைப்பது யார்? இயந்திரம் வைப்பதற்கு முன்னும் பின்னும் தண்டவாளத் தேய்மானத்தை அளந்து பார்த்தார்களா? பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகு உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

கிரீஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வளைவில் நடந்த டிராக்மேன் அந்த ஆபத்தில் இருந்து விடுபட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இருக்க முடியாது. ஆனால், வளைவின் சத்தத்தைக் கேட்டே ‘காய்ஞ்சிருக்கு’ என்று சொல்லிவிடும் அவருடைய காதும் கண்ணும் இயந்திரத்துக்குப் பின்னாலும் வேண்டும். அவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் சொல்வதைப் பதிவேட்டில் எழுதி, அதன்மேல் நடவடிக்கை எடுத்தால், பொன்மலை திருப்பத்தில் போட்ட தண்டவாளம் தன் முழு ஆயுளுக்கும் உழைக்கும்.