ஜெயிக்கிற குதிரையும் தோற்கிற மீனும்

'ஜப்பான்ல பேஸ்பால் பார்க்க ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். எந்த டீமுக்குக் கை தட்டறது?' என்று கேட்டார் டோக்கியோவுக்கு மாற்றலாகிப் போகிற நண்பர் ஒருவர். பக்கத்திலிருந்தவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. 'யோமியூரி ஜயன்ட்ஸ்! அதிகத் தடவை ஜெயிச்சவங்க அவங்கதான்!'

இந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

தகவல் தப்பில்லை. 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது வருஷம் ஜப்பான் சாம்பியன் ஜயன்ட்ஸ்தான். ஆனால், ஜெயிக்கிற குதிரை எது என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுவதற்குப் பெயர் ரேஸ். அதை ஏன் சார் ரசனை என்கிறீர்கள்?

புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜப்பானில் 12 தொழில்முறை டீம்கள். சென்ட்ரல் லீகில் ஆறு, பசிபிக் லீகில் ஆறு. பெரும்பாலும் டீமின் பெயரிலேயே முதலாளி உட்கார்ந்திருப்பார். யோமியூரி என்பது செய்தித்தாள். ஹன்ஷின், ரயில் கம்பெனி. நிப்பான் ஹாம் இறைச்சி விற்கிறது. யாகுல்ட்? உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்கூட இருக்கலாம், அந்தக் குட்டி பாட்டில்தான்!

இந்தக் கூட்டத்தில் ஹிரோஷிமா கார்ப் என்று ஒரு டீம். கார்ப் என்றால் கெண்டை மீன். புலி, சிங்கம், கழுகு என்று மற்றவர்கள் உறுமிக்கொண்டிருக்க, இவர்கள் மீன்!

1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம்கூட முழுசாக ஆகாத 1950-ல் இந்த டீம் களமிறங்கியது. பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லை. முதல் வருஷம் எட்டு டீம்களில் எட்டாவது இடம். சம்பளம் கொடுக்கவே திண்டாட்டம். 1951-ல் 'வேறு டீமோடு சேர்த்துவிடலாம்' என்கிற அளவுக்குப் போய்விட்டது.

அப்போது மேனேஜர் இஷிமோட்டோ நேராக ஊர் ஜனங்களிடம் போய்க் கை ஏந்தினார். மைதான வாசலில் காலி மதுப் பீப்பாயை வைத்தார்கள். வீடு போய், சொந்தபந்தம் போய், மிச்சமிருந்த வாழ்க்கையைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்த ஜனங்கள் அதில் காசு போட்டார்கள். டீம் பிழைத்தது.

பிழைத்ததே தவிர, ஜெயிக்கவில்லை. முதல் லீக் பட்டம் 1975-ல்தான் வந்தது. தொப்பியைச் சிவப்பாக்கிய ஜோ லட்ஸ் என்ற அமெரிக்க மேனேஜர், அந்த சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஒரு நடுவர் தகராறில் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிவப்பு மட்டும் தங்கியது. அதே வருஷம் லீகில் கடைசி இடம் யாருக்கு? சாட்சாத் ஜயன்ட்ஸுக்கு!

'பழங்கதை! இன்னிக்குப் பணம்தானே எல்லாம்?' என்பீர்கள். வாஸ்தவம். 1993-ல், குறிப்பிட்ட வருஷங்கள் ஆடியவர்கள் விரும்பிய டீமுக்குப் போகலாம் என்று விதி வந்ததிலிருந்து கார்ப் வளர்த்த நட்சத்திரங்களைப் பணக்கார டீம்கள் கொத்திக்கொண்டு போயின. கானேமோட்டோவும் அராயும் ஹன்ஷினுக்கு. மாரு ஜயன்ட்ஸுக்கு. 1998 முதல் 2012 வரை 15 சீசன்கள் பாதிக்குக் கீழேதான் கிடந்தார்கள்.

ஆனால், எதிர்த்திசையிலும் ஒரு பாதை இருக்கிறது. அமெரிக்காவில் யாங்கீஸ் டீமுக்கு ஆடிக்கொண்டிருந்த பிட்சர் குரோடா, அங்கே அதைவிட அதிகப் பணம் காத்திருந்தும் 2015-ல் ஹிரோஷிமாவுக்குத் திரும்பினார். அதே வருஷம் அராயும் திரும்பினார். போனபோது கூச்சல் போட்ட ரசிகர்கள் வந்தபோது கை தட்டினார்கள். 2016-ல் 25 வருஷங்களுக்குப் பிறகு லீக் பட்டம்! லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது அராய்க்கு. அந்த வருஷ ஜப்பான் சீரிஸில் தோற்றார்கள், அது வேறு விஷயம். ஜெயித்தது ஓட்டானி ஆடிய நிப்பான் ஹாம்.

கார்ப் என்ன தர்ம ஸ்தாபனமா? இல்லை. பங்குகளில் பெரும்பகுதி மட்சுடா குடும்பத்திடமும் மாஸ்டா கார் கம்பெனியிடமும் இருக்கிறது. அதிகாரப்பூர்வப் பெயரில் உள்ள 'டோயோ'வே மாஸ்டாவின் பழைய பெயரிலிருந்து வந்ததுதான். ஜயன்ட்ஸ் ரசிகர்கள் கெட்டவர்களும் இல்லை. டோக்கியோவில் பிறந்து, அப்பா தோளில் உட்கார்ந்து ஜயன்ட்ஸ் பார்த்தவரிடம் எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. அவருக்கு அது பரம்பரைச் சொத்து.

என் சண்டை உங்களோடுதான். ஊர் இல்லை, அப்பா தோள் இல்லை, யாரையும் தேர்ந்தெடுக்கலாம் என்கிற முழு சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கோப்பைகளை எண்ணுவதிலா செலவழிப்பது? கோப்பையை எண்ணக் கால்குலேட்டர் போதும். ஒரு டீமைத் தெரிந்துகொள்வது என்றால், அது தோற்ற வருஷங்களில் யார் கூட இருந்தார்கள் என்று தெரிந்துகொள்வது.

ஹிரோஷிமா மைதானத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உட்காரவும் முடியாது. உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, தோப்புக்கரணம் போல ஆதரவு தருவார்கள். ஸ்கோர் போர்டு என்ன சொன்னாலும் கால் ஓயாது.

'எந்த டீம் ஜெயிக்கும்?' என்று 1951-ல் ஹிரோஷிமா ஜனங்களும் கணக்குப் பார்த்திருந்தால் அந்தப் பீப்பாய் காலியாகவே இருந்திருக்கும்.