மலை வெறும் பின்னணியா?

கொடைக்கானலுக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று நாள் பிரயாணம். கைபேசியில் அறுநூறு படங்கள். பைன் காட்டில் மனைவி, பைன் காட்டில் குழந்தைகள், பைன் காட்டில் அவரே தனியாக, ஏதோ தத்துவ விசாரத்தில் மூழ்கியவர் போல. “இயற்கை என்றால் இதுவல்லவா ஸார் இயற்கை!” என்றார்.

“இந்தப் படத்தில் இருக்கும் மரங்களில் ஒன்றுகூட அந்த மலையில் பிறந்ததல்ல” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கு எதைக் காட்டினாலும் குற்றம்தான்” என்று காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய கோபத்தை இன்னும் சற்று வளர்க்கவே எழுதுகிறேன்.

பழனி மலைத் தொடரின் உச்சிகள் ஒரு காலத்தில் எப்படி இருந்தன? மேட்டிலெல்லாம் புல். இரண்டு மேடுகளுக்கு இடையே நீர் கசியும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, அடர்த்தியான சோலைக் காடு. புல்லும் சோலையுமாக, பச்சையில் இரண்டு நிறம். அதுதான் அந்த மலையின் சொந்த முகம். குறிஞ்சி, குறிஞ்சி என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோமே, அந்தக் குறிஞ்சி பூப்பது இந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி இனி 2030. பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஊசிச் சருகில் அது பூக்காது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று நாம் பட்டம் கட்டியிருக்கும் வரையாடு மேய்வதும் இந்தப் புல்லைத்தான்.

ஆனால் சர்க்கார் கணக்கில் புல் என்பது வெறும் தரிசு. விறகு தராத, பட்டை தராத, காசு தராத நிலம். வெள்ளைக்காரன் தொடங்கிவைத்த அந்தப் பார்வையை, சுதந்திரம் வந்த பிறகு நாமும் பக்தியோடு காப்பாற்றினோம். தோல் பதனிடுவதற்குப் பட்டை வேண்டுமென்று ஆஸ்திரேலியாவின் வாட்டில். விறகுக்கும் கூழுக்கும் அதே நாட்டுத் தைலமரம். பிறகு அமெரிக்கக் கண்டத்துப் பைன். வரிசை வரிசையாக நட்டார்கள். நட்டதோடு போயிற்றா? வாட்டில் தானாகவே விதை போட்டுப் பரவிற்று. பழனி மலைகளைப் பற்றி 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்லும் கணக்கு இது: நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் 66 சதவிகிதம் போய்விட்டது, சோலைக் காட்டில் 31 சதவிகிதம். மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி நம் கண்ணெதிரே வேறு நிலமாகிவிட்டது. நாம் அங்கே போய் “ஆகா, இயற்கை!” என்று நின்றுகொண்டிருந்தோம்.

அந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் இயன் லாக்வுட். விஞ்ஞானிகளோடு சேர்ந்து கையெழுத்திட்ட இவர் ஒரு புகைப்படக்காரர். கொழும்பில் ஆசிரியராக வேலை பார்த்தவர். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு. அப்போது தோளில் ஏறிய காமிராவோடு பல பத்தாண்டுகளாக மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்வந்து, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். ‘திரும்பத் திரும்ப’ என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். என் வாதம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு தடவை போய் எடுத்த படம் பொய் சொல்லும். அழகாகவே பொய் சொல்லும். பைன் காடு காலங்காலமாக அங்கே நின்றது போலவும், இனியும் அப்படியே நிற்கும் என்பது போலவும் காட்டும். அதே மலைக்குப் பத்து வருஷம் கழித்துப் போய், மறுபடியும் பத்து வருஷம் கழித்துப் போய் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை வாயைத் திறக்கும். உலகில் வேறு சிலரும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ருஷ்யாவில் சோச்சி நகரில் 2014-இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ராப் ஹோர்ன்ஸ்ட்ரா என்ற டச்சுப் புகைப்படக்காரர், ஓர் எழுத்தாளரைக் கூட்டிக்கொண்டு 2009-லிருந்து ஐந்து வருஷம் அந்தப் பிரதேசத்துக்குத் திரும்பத் திரும்பப் போனார். விழாவுக்குப் பின்னால் இருந்த வறுமையையும் யுத்தத் தழும்புகளையும் படம் எடுத்தார். 2013-இல் அவர்களுக்கு விசா மறுக்கப்பட்டது. ஒரு நாள் வந்து போகிறவனைக் கண்டு எந்த அதிகாரமும் பயப்படுவதில்லை. திரும்பி வருகிறவனைக் கண்டுதான் பயம்.

இதற்கு ருஷ்யா வரை போவானேன்? கொடைக்கானலிலேயே ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1899-இல் நிறுவப்பட்டது. மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து, 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் புள்ளிகளுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது. அந்தக் கூடம் நிற்கும் மலையின் முகத்துக்கு மட்டும், அப்படித் தினந்தோறும் எடுத்து வைத்த படம் இல்லை. ஏன் இல்லை? சூரியன் மாறும் என்று நாம் நம்பினோம். மலை மாறாது என்று நினைத்தோம்.

என் நண்பரைப் போன்றவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“மரம் வைப்பது பாவமா ஸார்?” சமவெளியில், சாலை ஓரத்தில், உங்கள் வீட்டு வாசலில் வையுங்கள்; புண்ணியம். புல் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தைத் திணிப்பது, குளத்தைத் தூர்த்துப் பூங்கா கட்டுவது போன்றது. நீலகிரியில் புல்வெளியைத் தைலமரக் காடாக்கிவிட்டு ஓடைநீரை அளந்து பார்த்தார்கள், நீர் குறைந்தது. பழனி அடிவாரத்தில் சண்முக நதியில் முழுகி முருகனைக் கும்பிடப் போகும் பக்தர், அந்த நீருக்கு மேலே ஒரு மலை இருக்கிறது என்று ஒரு கணம் நினைக்க வேண்டாமா?

“யாரோ வெளிநாட்டுக்காரன் வந்து நம் மலையைப் பற்றி நமக்குச் சொல்வதா?” ரோஷம் நல்லதுதான். ஆனால் அது வர வேண்டிய இடம் வேறு. அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? சினிமாவில் பார்த்த குகையைத் தேடிப் போனோம். 2024-இல் உயர்நீதிமன்றம் தலையிட்டு இ-பாஸ் முறை வைக்கும் அளவுக்கு வண்டி வண்டியாகப் போனோம். மலையை நம்முடையது என்று சொல்வதற்கு அதைப் பார்த்திருக்க வேண்டும்.

“படம் எடுத்தால் புல் முளைத்துவிடுமா?” முளைக்காது. ஆனால் என்ன போயிற்று என்று தெரியாதவனிடம் மீட்கச் சொன்னால் எதை மீட்பான்? அந்நிய மரங்களை அகற்ற வேண்டுமென்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2022-இல் தமிழக அரசு அதற்கென ஒரு கொள்கையும் வகுத்தது. நல்ல காரியம். ஆனால் மீட்பு என்றதும் நம் கை தானாக மரக்கன்றைத் தேடிப் போகிறது. புல் இருந்த மேட்டில் சோலை மரத்தை நட்டால் அதுவும் தவறுதான், நம் நாட்டு மரம் என்பதற்காக அது சரியாகிவிடாது. அவசரப்பட்டு எல்லாத் தோட்டங்களையும் வெட்டிச் சாய்ப்பதும் ஆபத்து. பல இடங்களில் அந்நிய மரத்தின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்குகின்றன. வாட்டிலை வெட்டிய இடத்திலோ மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் எழுந்து நிற்கும். எந்த மேட்டில் எது இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். பழைய படம்தான் அந்தச் சாட்சி.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. என் இரண்டாவது நாவலில் ஓர் அத்தியாயம் கொடைக்கானலில் நடக்கிறது. கதாநாயகி பைன் மரத்தில் சாய்ந்துகொண்டு, “இந்தக் காடு எத்தனை நூற்றாண்டு பழமையானதோ!” என்று பெருமூச்சு விடுகிறாள். அந்த மரத்துக்கு அவள் அப்பா வயதுகூட இராது. வாசகர்களில் ஒருவர்கூடத் திருத்தி எழுதவில்லை. கதை எழுதுகிறவனுக்கு மலை ஒரு திரைச்சீலை. காதலர் முன்னால் நிற்க, அது பின்னால் தொங்கினால் போதும். தமிழ் நாவலாசிரியர்களில் என்னைப் போன்றவர்கள் இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

சென்ற மாதம் பழைய ஆல்பத்தைப் புரட்டினேன். 1974-இல், கல்யாணமான புதிதில் என் பெற்றோர் கொடைக்கானலில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. அம்மா கூச்சத்தோடு தலையைக் குனிந்திருக்கிறாள். அப்பா கடன் வாங்கிய கோட்டில் விறைப்பாக நிற்கிறார். இத்தனை வருஷமாக அந்த இரண்டு முகங்களைத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது முதன்முறையாக அவர்களுக்குப் பின்னால் பார்த்தேன். மரமே இல்லாத மேடு, மேட்டுக்குப் பின்னால் மேடு, எல்லாம் புல். மடிப்பில் மட்டும் கொஞ்சம் கறுப்பாகச் சோலை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். தாத்தாவோ பாட்டியோ சித்தப்பாவோ கொடைக்கானல் போகாமலா இருந்திருப்பார்கள்? தேடி எடுங்கள். பின்பக்கத்தில் வருஷத்தையும் இடத்தையும் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் குழந்தைகளிடம் காட்டுங்கள். அறுநூறு படம் வேண்டாம்; இரண்டு போதும்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன நண்பருக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். அவருடைய மாமனார் 1960-களில் கொடைக்கானலில் உத்தியோகம் பார்த்தவர். அந்த வீட்டுப் பரணில் நிச்சயம் ஒரு பெட்டி இருக்கும்.