ஹஸ்கிக்கு எதற்கு மொட்டை?

சாயங்காலம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் பக்கம் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குளிர்ப் பிரதேசத்து ஹஸ்கி ஒன்று உடம்பு முழுக்க மொட்டை, தலையிலும் வாலிலும் மட்டும் முடி என்று மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். கேட்டால், "சென்னை வெயில் தாங்காதுல்ல, பாவம்... அதான் எடுத்துட்டோம்" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தப்பான வைத்தியம்!

ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி, வெளியே நீளமாக. அந்த வெளி முடிதான் வெயிலும் பூச்சிக்கடியும் தோலில் நேராகப் படாமல் காக்கிறது. கத்திரி வெயிலில் குடையைப் பிடுங்கிவிட்டு "இப்ப காத்து வருதா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சில நாய்களுக்கு மழித்த முடி பழையபடி வளர்வதும் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? சீப்பை எடுங்கள், போதும். உதிர்ந்து உள்ளேயே சிக்கிக் கிடக்கும் முடியைச் சீவி எடுத்தாலே தோலுக்குக் காற்று போகும்.

அடுத்த தப்பு, குளியல். வாராவாரம் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், வீட்டில் இருக்கும் ஷாம்பூவையே போட்டுத் தேய்ப்பது. மனிதத் தோலைவிட நாயின் தோலில் அமிலத்தன்மை குறைவு. நம் ஷாம்பூ அதை வறட்டி அரிப்பைத்தான் கொண்டுவரும். மேல்நாடுகளில் கீரி மாதிரி ஃபெரெட் என்றொரு பிராணியை வீட்டில் வளர்க்கிறார்கள். நாற்றம் போகட்டும் என்று அதை அடிக்கடி குளிப்பாட்டினால், தோல் இன்னும் எண்ணெய் சுரந்து நாற்றம் கூடிவிடுமாம்! குளிப்பாட்டினால் அடிமுடி வரை ஈரம் போகத் துவட்ட வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் ஈர முடிக்குள் புண் வர அதிக நேரம் ஆகாது.

இதையெல்லாம்விட முக்கியமானது உண்ணி. காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் வரும் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். தினமும் சீவுகிற கைக்குத்தான் அது முதலில் தட்டுப்படும். நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், மண்ணெண்ணெய் தடவுகிற பாட்டி வைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே மருத்துவமனை இருக்கிறது.

ஆக, க்ரூமிங் என்பது ஃபோட்டோவுக்கு அழகு பண்ணும் வேலை இல்லை. தினமும் பத்து நிமிடம் தொட்டுப் பார்க்கிற வேலை. நகம் வெட்டுவது, காது துடைப்பது எல்லாம் அதில் அடக்கம். பார்லருக்குக் கொடுக்கும் காசில் நல்ல சீப்பும் நகவெட்டியும் வாங்கிவிடலாம். செலவாகப்போவது நேரம்தான்.

அந்தப் பத்து நிமிடம் இல்லாதவர்கள் தி.நகர் ஃப்ளாட்டுக்கு ஹஸ்கி வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி. நாய் வேண்டும் என்றால் வேளச்சேரி புளூ கிராஸில் எத்தனையோ நாட்டு நாய்கள் வீடு தேடிக் காத்திருக்கின்றன. குட்டை முடி, நம்ம ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்பு. மொட்டை அடிக்கவே வேண்டாம்!