திருடு போன லேப்டாப்பை வீட்டிலிருந்தே தேட முடியுமா?

மொரப்பூரில் சென்னை ரயில் ஏறும்போதோ, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும்போதோ தோளில் இருந்த பை காணாமல் போகிறது என்று வையுங்கள். உள்ளே லேப்டாப். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதுதான் பிழைப்பு. வீட்டுக்கோ, இன்னும் கட்டி முடிக்காத இ.எம்.ஐ!

செல்போன் என்றால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐ.எம்.இ.ஐ எண்ணைக் கொடுத்து முடக்கலாம். 2023 மே முதல் நாடு முழுக்க இந்த வசதி இருக்கிறது. ஆனால், பெரும்பாலான லேப்டாப்களில் சிம்மும் கிடையாது, அந்த எண்ணும் கிடையாது. தேடுவதற்கான வழியை நாமேதான் முன்கூட்டி அதற்குள் வைத்திருக்க வேண்டும்.

அப்படி வைத்திருந்த ஒரு பெண்ணின் கதை இது. 2008-ல் அமெரிக்காவின் ஒயிட் பிளெயின்ஸ் நகரில், ஆப்பிள் கடை ஊழியர் ஒருவரின் வீட்டில் திருட்டு. டி.வி-க்களோடு அவருடைய லேப்டாப்பும் போய்விட்டது. சில நாள் கழித்துத் தோழியிடமிருந்து ஒரு மெசேஜ்: லேப்டாப் கிடைத்துவிட்டதா, ஆன்லைனில் இருக்கிறாயே என்று. அவ்வளவுதான், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து தன் லேப்டாப்புக்குள் நுழைந்தார், கேமராவை ஆன் செய்தார், எதிரே இருந்தவரைப் படம் பிடித்தார். அந்த முகம் வீட்டில் உடன் தங்கியிருந்தவர்களுக்குத் தெரிந்த முகம்! போலீஸ் இரண்டு பேரைக் கைது செய்தது. அவருக்கு உதவிய 'பேக் டு மை மேக்' வசதி 2019-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

இன்று விண்டோஸ் 11 லேப்டாப்பில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஃபைண்ட் மை டிவைஸ் என்று போய் ஆன் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் லாகின் செய்திருப்பதும், லொகேஷன் ஆனில் இருப்பதும் அவசியம். திருடு போனால் செல்போனிலிருந்தே அந்த அக்கவுன்ட்டுக்குள் போய், கடைசியாக நெட்டில் இணைந்த இடத்தைப் பார்க்கலாம், லாக் செய்யலாம். அவசரத்தில் அந்த லேப்டாப்பை அக்கவுன்ட்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள், தேடும் வழியும் போய்விடும். திருடியவர் ஃபார்மேட் செய்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

'குரோம் ரிமோட் டெஸ்க்டாப்' வைத்திருப்பவர்கள் ஸ்கிரீனையே பார்க்க முடியும். சிக்கல் என்னவென்றால், நீங்கள் நகர்த்தும் மவுஸ் அந்தப் பக்கமும் நகரும். உஷாராகி மூடி வைத்துவிட்டால்?

எதிரே இருப்பவர் திருடர்தானா என்பதும் கேள்வி. அமெரிக்காவின் ஓஹியோவில் ஓர் ஆசிரியை, மாணவர் ஒருவரிடம் 60 டாலருக்குப் பழைய லேப்டாப் வாங்கினார். அது திருட்டுப் பொருள். தேடிக்கொடுக்கும் நிறுவனம் தூரத்திலிருந்து உள்ளே புகுந்து, அவருடைய அந்தரங்கப் படங்களையும் எடுத்து போலீஸிடம் கொடுத்துவிட்டது. அவர் வழக்குப் போட, வழக்கை நடத்தலாம் என்று 2011-ல் நீதிபதி சொன்னார். பிறகு சமரசத்தில் முடிந்தது. ஆகவே, பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் பில் கேட்டு வாங்குங்கள். திருட்டுக் கொடுத்தவர்கள், கிடைத்த முகத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம்.

மேப்பில் காட்டும் புள்ளியை நம்பித் தனியாகக் கிளம்புவதும் ஆபத்து. வைஃபையை வைத்துச் சொல்லும் இடம் பக்கத்துத் தெருவாகவும் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர் மூன்றையும் போலீஸிடம் கொடுங்கள். ஜோலார்பேட்டை தாண்டித்தான் பை இல்லை என்று தெரிந்ததா? 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 173-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரயிலில் என்றால் 139-க்கும் போன் செய்யலாம்.

'உங்க லேப்டாப்பைக் கண்டுபிடிச்சுத் தர்றோம், இந்த ஆப்பைப் போட்டு வர்ற நம்பரைச் சொல்லுங்க' என்று யாராவது பேசினால், உடனே போனை வையுங்கள். அது உங்கள் செல்போனுக்குள் அவர்கள் நுழைவதற்கான வழி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.